உடம்பு சரியாயிடுச்சு... வேலை இருக்கா சார்?

மெடிக்கல் லீவு போட்டுவிட்டு மாட்னி ஷோவுக்குப் போய், இடைவேளையில் முறுக்கு வாங்கும்போது பக்கத்தில் மானேஜர் நிற்பதைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஏனென்றால், அவரும் அன்றைக்கு ‘அவசரமா மதுரைக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்!

‘உடம்பு சரியில்லை சார்’ என்ற வார்த்தைக்கு நம் ஊரில் மரியாதை போனதற்கு என்னைப் போன்ற ஆசாமிகள்தான் காரணம். அதன் பலனையும் நானே அனுபவித்தேன்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். மஞ்சள் காமாலை வந்தது. இந்தத் தடவை நிஜம்! கீழாநெல்லி, மோர் சாதம், உப்பில்லாப் பத்தியம் என்று நாற்பது நாள் படுக்கை. கண்ணில் மஞ்சள் போய் வெள்ளை வந்ததும், ‘வேலைக்குப் போகலாம்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்குப் போனேன். என் நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என் பேனாவால் என் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. முதலாளி தங்கமான மனுஷர். காபி வரவழைத்துக் கொடுத்தார். “உடம்பைப் பார்த்துக்கப்பா” என்றார். டம்ளர் காலியாவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பி.காம். படித்தவனுக்கு இது கூடவா புரியாது? கணக்கு முடிக்கப்பட்டது!

நோய் வந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் யோசிக்கிறோம். நோய் போன பிறகு என்ன செய்வது? அதைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அந்தக் காபிக்குப் பிறகுதான். சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தது இன்னும் பல வருஷம் கழித்து, ஒரு ஜீப்பைப் பார்த்த பிறகு.

★

விடிகாலை ஐந்தரை மணிக்குப் போடியில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஜீப்பில் ஏறிக்கொண்டிருப்பார்கள். போடி மட்டுமில்லை, தேவாரம், கோம்பை, கம்பம் வரை இதே காட்சிதான். எல்லாரும் எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். போடியிலிருந்து கிளம்பும் ஜீப் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போகும். சாயங்காலம் அதே 17 வளைவும் இறங்கி வரவேண்டும்.

‘ஏலக்காய் பறிப்பது என்ன பெரிய வேலை?’ என்று நினைக்காதீர்கள். பாயசத்தில் மிதக்கும்போதுதான் அது லேசு! காய் செடியின் உச்சியில் தொங்குவதில்லை. அடித்தூரில், தரையோடு தரையாகச் சரம் விடும். ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. முற்றினதை மட்டும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். குனிந்தால் நாள் பூராவும் குனிந்ததுதான். கீழே வழுக்குகிற சரிவு, மேலே மழை, காலில் அட்டை.

ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு அக்கா ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயசு.

“நீங்க போகலையாக்கா?”

“கால் வழுக்கி எலும்பு விட்டுப்போச்சு தம்பி. ஆறு வாரம் மாவுக்கட்டு. போன வாரம்தான் பிரிச்சாங்க. நடக்க முடியுது. ஆனா கங்காணி, ‘அடுத்த வாரம் பாப்போம்’னு சொல்றாரு. சீட்டுல வேற ஆளு வந்துருச்சுல்ல...”

உள்ளே, அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் ஒரு சின்னப் பெண். எனக்கு அந்தப் பையனும் பேரேடும் ஞாபகத்துக்கு வந்தன.

“ஆஸ்பத்திரிச் செலவு?”

“தோட்டத்துல ரெண்டாயிரம் குடுத்தாங்க. நல்லவுகதான்.”

நல்லவர்கள்தான். ஆனால் இது நல்லவர், கெட்டவர் விவகாரம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் கிடைப்பது தர்மம் அல்ல, நஷ்டஈடு. வெள்ளைக்காரன் காலத்தில் 1923-ல் வந்த சட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் அதைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறினாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. இந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஏலக்காய்த் தோட்டம் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது என்பது போடிக்காரர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்கு நம்ம டிபார்ட்மென்ட். கொஞ்சம் பார்ப்போம். மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால், ஒவ்வொரு அரை மாதத்துக்கும் கூலியில் 25 சதவிகிதம், அதாவது 3,000 ரூபாய் தரவேண்டும். முடக்கம் 28 நாளுக்குக் குறைவு என்றால் முதல் மூன்று நாளுக்குக் கிடையாது. 28 நாளோ அதற்கு மேலோ என்றால் முதல் நாளிலிருந்தே உண்டு. அக்காவுக்கு ஆறு வாரம், 42 நாள். சுமார் 8,400 ரூபாய் வருகிறது. வைத்தியச் செலவு இதில் சேராது. உண்மையில் ஆன செலவை முதலாளி தனியாகத் தரவேண்டும். கெடு தாண்டி இழுத்தடித்தால் 12 சதவிகித வட்டி. தக்க காரணம் இல்லை என்றால் 50 சதவிகிதம் வரை அபராதமும் விழும்.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். “எனக்கெல்லாமா தம்பி?”

இந்த ஒரு கேள்விக்காகவே 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவரை வேலைக்குச் சேர்க்கும்போதே, ‘அடிபட்டால் உனக்கு நஷ்டஈடு உண்டு’ என்று அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று! ஜீப் படிக்கட்டில் கால் வைக்கும்போது யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? ‘சீக்கிரம் ஏறு’ என்பதுதான் அங்கே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

இன்னொரு பயம். விபத்து நடந்தது கேரளாவில், வீடு இருப்பது தமிழ்நாட்டில். கேஸ் போட மலையாளம் படிக்க வேண்டுமா? வேண்டாம். விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம் என்று இந்த மூன்றில் எந்த ஊருக்குரிய அதிகாரியிடமும் மனு கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வழியில் ஜீப் கவிழ்ந்தால்? இந்த மலைப்பாதையில் எல்லார் வயிற்றிலும் இருக்கிற கேள்வி இது. சௌராஷ்டிராவில் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து படகில் கழியைக் கடக்கும்போது படகு கவிழ்ந்தது. அது 1952-ல். ‘பொதுப் படகில் போனது வேலையின் பகுதி ஆகாது’ என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. பிறகு மெல்ல மெல்ல மனம் மாறியது. 2025 ஜூலையில், மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலைக்கு இரவு டியூட்டிக்குக் கிளம்பி வழியில் விபத்தில் இறந்த காவல்காரர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தி வரவேண்டும் என்பது நிபந்தனை. புதிய தொகுப்புச் சட்டத்தில் இந்த விஷயம் எழுத்திலேயே வந்துவிட்டது. ஐந்தரை மணிக்குத் தூக்குவாளியோடு தோட்டத்து ஜீப்பில் போகிறவர் மூணாறுக்குப் பிக்னிக் போகவில்லை என்று நிரூபிப்பது கஷ்டமா என்ன?

விரலுக்கு என்ன விலை?

சட்டத்தில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. படிக்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். உடம்பின் எந்தப் பாகம் போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவிகிதம் போச்சு என்கிற பட்டியல் அது. கட்டை விரல் 30 சதவிகிதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. காயைச் சல்லடையில் சலித்து மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கிற ஊர்க்காரன் நான். மனுஷனையும் பிரித்திருக்கிறார்களே என்று இருந்தது.

30 வயதுக்காரர், அதே 12,000 கூலி, கட்டை விரல் போய்விட்டது. கூலியில் 60 சதவிகிதம் 7,200. அதை வயசுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு 207.98. வருவது 14,97,456 ரூபாய். அதில் 30 சதவிகிதம் 4,49,237 ரூபாய். சரி, பணம் வந்தது. திரும்பப் போய்க் கட்டை விரல் இல்லாமல் காய் எடுப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு 1968-ல் ஒடிசாவில் ஒரு தச்சர் தன் கையைக் கொடுத்துப் பதில் வாங்கினார். சினிமா கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ‘ஒரு கைதானே? மற்ற கை இருக்கிறதே! முழு ஊனம் என்று எப்படிக் கணக்குப் போடலாம்?’ என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975-ல் தீர்ப்பு வந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருக்கு இது நூற்றுக்கு நூறு இழப்பு என்றார்கள் நீதிபதிகள். பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த ஆள் எந்த வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது என்று பார் என்பதுதான் அதன் சாரம். அரை நூற்றாண்டு ஆகியும் வக்கீல்கள் இதை விடாமல் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆக, படுத்திருக்கும்போது சட்டம் ஓரளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனி என்றால் நோய்க்கு 70 சதவிகிதச் சம்பளம், வருஷத்தில் 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் 90 சதவிகிதம், குணமாகும் வரை. (ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதில்தான் வாங்க வேண்டும். முதலாளியிடமும் தனியாகக் கேட்டு டபுளாக வாங்க முடியாது. ஆசைப்படாதீர்கள்!) ஆனால் எழுந்து நடந்து வேலைக்கு வருகிற அன்றைக்கு?

அங்கேதான் அரசாங்க உத்தியோகத்துக்கும் மற்றதுக்கும் நடுவே ஒரு மலையே நிற்கிறது. சர்வீசில் இருக்கும்போது ஊனமானால் அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அப்படி வேலை காலி இல்லையென்றால், ஓய்வு வயது வரையிலோ வேறு இடம் கிடைக்கும் வரையிலோ உபரி இடம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வந்தது இது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. காலை இழந்த மத்தியப் படைக் கான்ஸ்டபிள் ஒருவரை ‘லாயக்கில்லை’ என்று அனுப்பியபோது, 2003-ல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைக் காட்டித்தான் திரும்ப எடுக்க வைத்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாது என்று அனுப்பப்பட்ட தெலங்கானா அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை கொடு என்று 2025 ஆகஸ்டில் உத்தரவு வந்தது.

தனியார் கம்பெனிக்கு இந்த விதி பொருந்தாது. ஏலக்காய்க் கடை குமாஸ்தாவுக்கும் பொருந்தாது. ஜீப் அக்காவுக்கு? கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? நம் ஊர் டாக்டர் சீட்டில் இரண்டே கட்சிதான். ஃபிட், அன்ஃபிட். நேற்று வரை படுக்கை, இன்று முதல் பயில்வான்! நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனால் உடம்பு அப்படியா திரும்புகிறது? ஒவ்வொரு வளைவாக, முதல் கியரில்தான் ஏறி வருகிறது. பிரிட்டனில் 2010 ஏப்ரலில் பழைய ‘சிக் நோட்’டை எடுத்துவிட்டு ‘ஃபிட் நோட்’ கொண்டுவந்தார்கள். ‘லாயக்கில்லை’ என்பதோடு, ‘இன்ன மாற்றம் செய்தால் வேலை பார்க்கலாம்’ என்றும் டாக்டர் எழுதலாம். படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, உட்காரும் இடத்தில் வசதி செய்வது என்று நாலு கட்டம் இருக்கும், டிக் அடித்தால் போதும். முதலாளியால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது என்றால் லீவு தொடரும். ஜெர்மனியில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம் என்று ஆரம்பித்து, சில வாரங்களில் முழு நேரத்துக்கு வருகிற ஏற்பாடே இருக்கிறது.

நம் டாக்டர்கள் அப்படி எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை சார். நாம் கேட்பதில்லை. அவ்வளவுதான்!

நம்ம பக்கம் என்ன?

உரிமை பேசியாச்சு. கடமை என்றால் உடனே அடுத்த பக்கத்துக்குப் புரட்டுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள், உரிமையைக் காப்பாற்றுவதே இதுதான்.

அடிபட்டதை அன்றைக்கே சொல்லுங்கள். ‘சின்னக் காயம்தானே’ என்று மறைத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வீக்கத்தோடு போய் நின்றால், அது வேலையில் வந்த வீக்கமா, வீட்டுத் திண்ணையில் விழுந்த வீக்கமா என்று யாருக்குத் தெரியும்? முதலாளி தன் செலவில் ‘எங்க டாக்டரிடம் காட்டு’ என்றால் முறைத்துக்கொள்ளாமல் போக வேண்டும். மறுத்தால் நஷ்டஈட்டு உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும். சொன்ன வைத்தியத்தைச் செய்யாமல் காயத்தை முற்ற விட்டால், முற்றின பகுதிக்கு முதலாளி பொறுப்பில்லை. குடித்துவிட்டு வேலை செய்து அடிபட்டாலோ, பாதுகாப்புக்கு வைத்த கவசத்தை வேண்டுமென்றே கழற்றி வைத்தாலோ உயிர்ச்சேதம், முழு நிரந்தர ஊனம் தவிர மற்றதுக்குப் பைசா தேறாது.

ஆபீஸ் நண்பர்கள் அடிக்கடி கோட்டை விடுவது லீவு நீட்டிப்பில். போட்ட லீவு முடிந்தும் உடம்பு சரியாகவில்லை என்றால், தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரி அனுப்பித் தொலைக்கக்கூடாதா? லீவு முடிந்து 8 நாளுக்குள் வராவிட்டால் வேலை மேல் உரிமை போய்விடும் என்பது மாதிரி நிலையாணைகளில் வெகுகாலமாக இருந்த வாசகம். அதை வைத்துக்கொண்டு விசாரணை இல்லாமலே ஒருவர் பெயரை அடித்த கம்பெனி உண்டு. அது செல்லாது, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிச் சம்பள பாக்கியோடு அவரைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் அவர் வேலையை விட்டு நின்றது 1980-ல்! 13 வருஷம். ஒரு போஸ்ட் கார்டு அன்றைக்கு 15 பைசா.

பொய் சர்டிபிகேட்டைப் பற்றி நான் பேசக்கூடாது. முறுக்குக் கடையில் நின்றவன். ஆனால் ஒன்று, லீவில் இருக்கும்போது இன்னொரு இடத்தில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கி மாட்டினால், நிஜ நோயும் பொய்யாகிவிடும்.

★

அந்த அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “கட்டுப் பிரிச்ச டாக்டர்கிட்டத் திரும்பப் போங்கக்கா. ‘சரியாயிடுச்சு’ன்னு எழுத வேணாம். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு எழுதித் தரச் சொல்லுங்க.” ஏலத்தோட்டத்தில் எல்லா வேலையும் சரிவில் இல்லை. காயை உலர்த்துகிற ஸ்டோர் இருக்கிறது. உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலை இருக்கிறது.

அடுத்த வாரம் நானும் போய் நின்றேன். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து அக்கா சீட்டை எடுத்தார். நாலு வாரத்துக்குச் சரிவில் ஏறக்கூடாது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம். கீழே கையெழுத்து, முத்திரை. கங்காணி டார்ச் அடித்துப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“என்னாக்கா இது, கலெக்டர் உத்தரவு மாதிரில்ல இருக்கு?”

“டாக்டரய்யா எழுதினது. எனக்கென்ன தெரியும்?”

கங்காணி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சரி, ஸ்டோர்ல பேசிப் பாக்குறேன். நாலு வாரம்தான், சொல்லிப்புட்டேன். முன்னாடி ஏறுங்க. பின்னாடி ஏறி எறங்க முடியாது உங்களால.”

டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர். நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். அக்கா நல்ல காலை முதலில் வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் பெஞ்சில் அந்தச் சின்னப் பெண் கையை நீட்டி, அக்காவின் தூக்குவாளியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.